சந்தையில் தொடங்கிய சமாதானம்

"பெரிய ஆட்கள் தொடங்கின சண்டை. பெரிய ஆட்கள்தான் முடிக்கவேணும். எங்களைப்போல ஏழை எளியதுகளால என்ன செய்ய ஏலும்?"

கிராமக் கூட்டங்களில் சமாதானம் என்ற சொல்லை எடுத்தவுடன் கிடைக்கும் முதல் மறுமொழி இதுதான். இது வெறும் சலிப்பில் வரும் பேச்சல்ல, பட்டறிந்து வரும் பேச்சு. மூன்று தடவை, நான்கு தடவை வீடு வளவைப் போட்டுவிட்டு ஓடிய ஒரு கமக்காரரிடம் போய், "சமாதானம் உங்கள் கையில்தான் இருக்கிறது" என்று சொன்னால் அது அவரைப் பரிகசிப்பதற்குச் சமம். விமானத்தை அனுப்பியவர் அவரல்லர். பீரங்கியை நிறுத்தக்கூடியவரும் அவரல்லர்.

ஆனால் யுத்தம் பீரங்கியால் மட்டும் நடப்பதில்லை. "இன்னாரிடம் சாமான் வாங்காதே" என்று சந்தையில் சொல்லப்படும் சொல், கேட்ட வதந்தியை ஆராயாமல் அடுத்த வீட்டுக்குக் கடத்தும் பழக்கம், களவுபோன ஒரு மாட்டுக்காக ஓர் ஊரையே கள்ளர் என்று ஏசும் கோபம், செய்வதற்கு வேலையில்லாமல் சந்தியில் நிற்கும் இளைஞர்கள், பயத்தினாலோ வசதி கருதியோ வாய்மூடி இருக்கும் பெரியவர்கள் என்று பல சின்னச் சின்ன விறகுகளும் அந்த நெருப்புக்கு வேண்டும். அவை கொழும்பிலிருந்து வருவதில்லை, நம்மிடமிருந்துதான் போகின்றன. அந்த விறகை நிறுத்தினால் எல்லா யுத்தமும் அணைந்துவிடும் என்று சொல்ல நான் வரவில்லை. சில இடங்களில் அணைந்திருக்கிறது. அப்படி ஓர் இடத்தைப் பற்றியதே இந்தப் பாடம். அங்குள்ளவர்கள் நம்மைப் போலவே நிலத்தையும் தண்ணீரையும் நம்பி வாழ்பவர்கள். நம்மைப் போலவே ஓடி ஒளிந்தவர்கள்.

வறண்ட நிலமும் மூன்று குலங்களும்

ஆபிரிக்காவில் கென்யா நாட்டின் வடகிழக்குப் பகுதியில், சோமாலியாவையும் எதியோப்பியாவையும் எல்லையாகக் கொண்டது அன்றைய வஜீர் மாவட்டம். பரப்பளவில் முழு இலங்கையையும்விடக் கொஞ்சந்தான் சிறியது. ஆனால் மழை மிகக் குறைவு. வயல் இல்லை, குளக்கட்டு இல்லை. ஒட்டகம், மாடு, ஆடு வளர்த்து, புல்லும் தண்ணீரும் உள்ள இடம் தேடி நடந்து திரியும் மக்கள். சோமாலி மொழி பேசுவோர், இஸ்லாமியர். ஒரே மொழி, ஒரே சமயம், ஒரே தொழில். சண்டை பிடிக்க ஒரு காரணமும் இல்லை என்றுதான் தூரத்திலிருந்து பார்ப்பவர்களுக்குத் தோன்றும். ஆனால் அவர்களுக்குள் அஜுரான், டெகோடியா, ஒகாடென் என்று மூன்று பெரிய குலங்கள் உண்டு; வேறு சிறிய குலங்களும் உண்டு. எந்தக் கிணறு யாருடையது, எந்த மேய்ச்சல்தரை யாருடையது என்ற கேள்வி எப்போதும் உள்ளே புகைந்துகொண்டிருந்தது.

1963 இல் கென்யா சுதந்திரம் பெற்றபோது, அந்தப் பகுதியில் பலர் சோமாலியாவோடு சேர விரும்பினார்கள். அரசாங்கம் படையை அனுப்பியது. அவசரகாலச் சட்டம் வந்தது. வந்தது ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் போகவில்லை. அவசரகாலச் சட்டத்தின் கீழ் வாழ்வது எப்படி என்று இதை வாசிப்பவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை.

1984 பெப்ரவரியில், ஆயுதம் களைவதாகச் சொல்லிப் படையினர் டெகோடியா ஆண்களைச் சுற்றிவளைத்து, வகல்லா என்ற இடத்திலுள்ள விமான ஓடுபாதையில் நாட்கணக்கில் வெயிலில் வைத்தார்கள். தண்ணீர் கொடுக்கவில்லை. பலர் சுடப்பட்டு இறந்தார்கள். இறந்தவர்கள் 57 பேர் என்றது அரசாங்கம். ஆயிரக்கணக்கில் என்கிறார்கள் தப்பியவர்கள். அந்த நேரத்தில் வஜீரில் காசநோயாளருக்குச் சிகிச்சை அளித்துக்கொண்டிருந்தவர் அன்னலேனா தொனெல்லி என்ற இத்தாலியக் கத்தோலிக்கப் பெண்மணி. துறவற சபை எதிலும் சேராத பொதுநிலையினர். அவர் காயப்பட்டவர்களைத் தேடிப்போய்த் தூக்கிவந்தார், நடந்ததை வெளியுலகுக்குச் சொன்னார். அதன்பின் அவரால் கென்யாவில் தொடர்ந்து இருக்க முடியவில்லை. 2003 ஒக்டோபரில், சோமாலிலாந்தில் தமது மருத்துவமனை வளவிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். கண்டதைக் கண்டபடி சொல்வதும் ஒரு சமாதானப் பணி என்பதால் அவரை இங்கே நினைக்கிறேன். மறைக்கப்பட்ட கொலை அடுத்த கொலைக்கு விதையாகக் கிடந்து முளைக்கும்.

1991 இல் சோமாலியாவில் அரசாங்கமே விழுந்தது. அகதிகள் எல்லை தாண்டி வந்தார்கள், துப்பாக்கிகளும் வந்தன. அதே காலத்தில் கடும் வரட்சி. மிருகங்கள் கூட்டங் கூட்டமாகச் செத்தன. 1992 டிசெம்பரில் பல கட்சித் தேர்தல் வரவிருந்தது. எந்தக் குலத்தவர் பாராளுமன்றம் போவது என்ற போட்டி அதற்கு முன்பே எரியத் தொடங்கிவிட்டது. பசி, துப்பாக்கி, தேர்தல் மூன்றும் ஒன்றாகக் கூடிய இடத்தில் நடக்க வேண்டியது நடந்தது. கொள்ளை, கொலை, பழிக்குப் பழி. பட்டினத்திலும் இரவானால் வெடிச்சத்தம்.

ஒரு கலியாண வீடு

வஜீரில் டெக்கா இப்ராஹிம் அப்தி என்ற இளம் ஆசிரியை இருந்தார். 1964 இல் பிறந்தவர். சுதந்திரத்துக்கு அடுத்த ஆண்டு பிறந்தவர் என்றால், அவசரகாலச் சட்டத்துக்குள்ளேயே பிறந்து வளர்ந்தவர் என்று அர்த்தம். ஓர் இரவு வெடிச்சத்தம் கேட்டுத் தம் சிறு பிள்ளையை இழுத்துக்கொண்டு கட்டிலின் கீழ் படுத்திருந்தார். பிறகு அவருடைய தாயார், தானும் முன்பு டெக்காவைக் கைக்குழந்தையாக வைத்துக்கொண்டு இப்படித்தான் கட்டிலின் கீழ் ஒளிந்திருந்ததாகச் சொன்னார். தாய்க்கும் அதே கட்டில், மகளுக்கும் அதே கட்டில். பேரப்பிள்ளைக்கும் அதுதானா என்ற கேள்வி டெக்காவைப் பிடித்துக்கொண்டது. பதுங்குகுழி வெட்டிய நம் தாய்மாருக்கு இந்தக் கேள்வி விளங்கும்.

1992 இல் ஒரு கலியாண வீட்டில் பல குலப் பெண்களும் கூடியபோது பேச்சு இந்தப் பக்கம் திரும்பியது. சமாதான மகாநாடு என்று யாரும் அழைக்கவில்லை. சமையலும் சிரிப்பும் நடக்கும் இடத்தில் வந்த பேச்சு. பத்துப் பன்னிரண்டு பெண்கள் தொடர்ந்து சந்திப்பது என்று முடிவு செய்தார்கள்.

தொடக்கத்திலேயே அவர்கள் ஒருவரையொருவர் ஒரு கேள்வி கேட்டுக்கொண்டார்கள். இந்தப் பாடத்தில் வேறெதை மறந்தாலும் இதை மறக்கவேண்டாம். நாளைக்கு என் குலத்தவர் உன் சொந்தக்காரரைக் கொன்றால், அதன் பிறகும் நீ என்னோடு சேர்ந்து இந்த வேலையைச் செய்வாயா? "ஓம்" என்று சொல்ல முடியாதவர்கள் சேரவேண்டாம் என்பது அவர்களின் விதி. நம் ஊர்களில் சமாதானக் குழு அமைக்கும்போது முதலில் தலைவர் யார், செயலாளர் யார், பொருளாளர் யார் என்றுதான் கேட்கிறோம். அந்தப் பெண்கள் கேட்ட கேள்வியைக் கேட்டிருந்தால் அரைவாசிக் குழுக்கள் பதிவாகியிருக்கமாட்டா. மீதி அரைவாசி முதலாவது சம்பவத்திலேயே உடைந்துபோயிராது.

ஏன் சந்தை?

துப்பாக்கி வைத்திருக்கும் இளைஞர்களிடமோ, அவர்களுக்குப் பின்னால் நின்ற அரசியல்வாதிகளிடமோ இந்தப் பெண்கள் முதலில் போகவில்லை. சந்தைக்குப் போனார்கள்.

சந்தையில் பால், இறைச்சி, மரக்கறி விற்பவர்கள் பெரும்பாலும் பெண்கள். சண்டை வந்த பிறகு ஒரு குலத்துப் பெண் மற்றக் குலத்துப் பெண்ணிடம் பால் வாங்குவதில்லை. சில குலத்தவரைச் சந்தைக்குள் விடுவதே இல்லை. ஏச்சு, தள்ளு முள்ளு, அடிதடி. சந்தையில் பெண்கள் பட்ட அவமானம் பின்னேரம் வீட்டுக்குப் போய், இரவு மகன்மாரின் கையில் துப்பாக்கியாக எழும்பியது.

எந்தக் குலப் பெண்ணும் பயமின்றி வரலாம், விற்கலாம், வாங்கலாம். அவர்கள் சந்தையில் எடுத்த முடிவு அவ்வளவுதான். அதைக் கவனிக்கச் சந்தைக்குள்ளேயே பெண்களை நிறுத்தினார்கள். யாராவது யாரையாவது மறித்தால், ஏசினால், உடனே செய்தி குழுவுக்கு வரும். அன்றைக்கே இருவரையும் கூப்பிட்டுப் பேசித் தீர்ப்பார்கள். நாளைக்கு என்று விடுவதில்லை.

இது ஏன் புத்தியான தொடக்கம்? சந்தை அவர்களுடைய சொந்த இடம், யாரிடமும் அனுமதி கேட்கத் தேவையில்லை. வேலை கண்ணுக்குத் தெரியும்: நேற்று வராத பால்காரி இன்று வந்திருக்கிறாளா இல்லையா என்று எல்லாரும் பார்க்கலாம். செய்திகளும் வதந்திகளும் கூடிப் பிரியும் இடமும் அதுதான். எல்லாவற்றையும்விட, சமாதானம் வந்தால் என்ன கிடைக்கும் என்பதை அது பேச்சில்லாமல் காட்டியது. பிள்ளைக்குப் பால் கிடைத்தது.

சந்தை அமைதியான பிறகே அவர்கள் அடுத்த படிக்குப் போனார்கள். இதைச் சொல்லக் காரணம் உண்டு. நம்மவர்கள் ஊர்க்கிணற்றடிச் சண்டை தீராமல் இருக்க, நாட்டுப் பிரச்சினைக்கு மகஜர் எழுதுவதைப் பார்த்திருக்கிறேன். மகஜர் எழுதுவது பிழையல்ல. கிணற்றடியும் நம்முடையதுதானே.

நடுவில் இருப்பவர் யார்?

அடுத்ததாகக் குலப் பெரியவர்கள். அந்தச் சமூகத்தில் பெரியவர் சபையில் பெண்களுக்கு இடமில்லை. இருந்தும் டெக்காவும் தோழிகளும் பெரியவர்களைத் தனித்தனியே கண்டு பேசினார்கள், எல்லாக் குலத்தவரையும் ஒன்றாக உட்காரவைத்தார்கள். அந்தக் கூட்டத்தில் பேச்சை நடத்தியவர் பெரிய குலத்தவர் அல்லர், மிகச் சிறிய குலமொன்றைச் சேர்ந்த முதியவர். அவருக்கு நாடாளுமன்ற ஆசனத்திலும் பங்கில்லை, கிணற்றுச் சண்டையிலும் பங்கில்லை. அவர் வெல்லவும் முடியாது, தோற்கவும் முடியாது. ஆகவே எல்லாரும் கேட்டார்கள். ஏன் அடிபடுகிறோம், இதனால் லாபம் யாருக்கு என்று அவர் நேராகவே கேட்டார்.

1993 செப்டெம்பரில் பெரியவர்கள் ஓர் உடன்படிக்கைக்கு வந்தார்கள். அல் ஃபத்தா பிரகடனம் என்று அதற்குப் பெயர். களவெடுத்த மிருகங்களைத் திருப்பிக் கொடுக்கவேண்டும், கொலைக்கு நட்டஈடு கட்டவேண்டும், ஒருவன் செய்த குற்றத்தை அவனுடைய குலமே பொறுப்பேற்றுத் தீர்க்கவேண்டும் என்பன போன்ற விதிகள். இவை புதியவை அல்ல; சோமாலி மக்களின் பழைய வழக்கங்கள். யுத்தத்தில் மறந்துபோனதை எடுத்துத் தூசு தட்டினார்கள். அந்த வழக்கப்படி ஓர் ஆணின் உயிருக்கு நூறு ஒட்டகம், ஒரு பெண்ணின் உயிருக்கு ஐம்பது. சமாதானத்தைத் தொடக்கி வைத்தவர்கள் பெண்கள்; அவர்களுடைய உயிரின் கணக்கு மட்டும் பாதியாகவே நின்றது. பழைய வழக்கத்தை எடுக்கும்போது அதிலுள்ள கோணலும் கூடவே வரும் என்பதை நாமும் மனதில் வைக்கவேண்டும்.

நம் ஊர்ப் பிணக்குகளில் நடுவர் யார்? அநேகமாக, காணி கூடியவர், குரல் கூடியவர், அல்லது கட்சிக்காரர். சில வேளை சுவாமிமார். நாங்கள் எப்போதும் நடுநிலையானவர்கள் என்று நினைப்பதும் சரியல்ல. ஒரு பகுதியார் எங்கள் கோவிலுக்கு வருபவர்கள், மறுபகுதியார் வராதவர்கள் என்றால், மறுபகுதியாரின் கண்ணுக்கு நாங்களும் ஒரு கட்சிதான். லாபநட்டம் இல்லாத ஆளைத் தேடவேண்டும். அவர் படிக்காதவராக இருக்கலாம், ஊரில் ஒருவரும் கணக்கெடுக்காத கிழவியாகவும் இருக்கலாம்.

துவக்கை வைத்துவிட்டு வருபவனுக்கு என்ன கொடுப்பது?

வஜீரில் இளைஞர்களும் ஒரு குழுவாகச் சேர்ந்தார்கள். ஆயுதக் குழுக்களில் இருந்தவர்களைத் தேடிப் போனபோது, "துவக்கை வைத்துவிட்டு வந்தால் என்ன செய்து சீவிப்பது?" என்று அவர்கள் கேட்டார்கள். நியாயமான கேள்வி. அதற்காகக் கடைக்காரரிடமும் வியாபாரிகளிடமும் போய்ப் பணம் சேர்த்தார்கள். வீதி பாதுகாப்பாக இருந்தால் உங்கள் லொறி ஓடும் என்று சொல்லிக் கேட்டார்கள். தருமம் என்று கேட்கவில்லை.

மொசாம்பிக் நாட்டிலும் இதே கேள்விக்கு ஒரு விடை கண்டார்கள். பதினாறு ஆண்டு யுத்தத்தை முடிக்க 1992 ஒக்டோபர் 4 இல் உரோமையில் ஒப்பந்தம் கைச்சாத்தானது. சந்த் எஜிதியோ என்ற கத்தோலிக்கப் பொதுநிலையினர் குழுவொன்று இரண்டு ஆண்டுகளுக்கு மேல் இரு தரப்பையும் உட்காரவைத்துப் பேசியதன் பலன் அது. ஆனால் துப்பாக்கிகள் கிராமங்களில் புதைந்தே கிடந்தன. 1995 முதல் அங்குள்ள கிறிஸ்தவ மன்றம், ஆயுதம் கொண்டுவந்து கொடுப்பவர்களுக்கு மண்வெட்டி, சைக்கிள், தையல் இயந்திரம், கட்டடப் பொருட்கள் என்று கொடுத்தது. பெருந்தொகை ஆயுதம் சேர்த்துக் கொடுத்த ஒரு கிராமத்துக்கு உழவு இயந்திரமே கிடைத்தது. வாங்கிய ஆயுதங்களை மீண்டும் யாரும் எடுக்காதபடி வெட்டித் துண்டாக்கினார்கள்.

அரசாங்கத்தை உள்ளே எடுத்தல்

1995 இல் வஜீர்க் குழுக்கள் எல்லாம் ஒன்றாகி, "வஜீர் சமாதான அபிவிருத்திக் குழு" என்ற பெயரில் மாவட்ட அபிவிருத்திச் சபையின் ஒரு பகுதியாயின. மாவட்ட ஆணையாளர் தலைவர். நம் நாட்டில் அரசாங்க அதிபர் தலைமை தாங்குவது போல. பெரியவர்கள், பெண்கள், இளைஞர்கள், சமயத் தலைவர்கள், பாதுகாப்பு அதிகாரிகள், தொண்டு நிறுவனத்தினர் எல்லாரும் அங்கத்தவர்கள். ஒரு தலைமுறைக்கு முன் தம்மைச் சுட்ட அரசாங்கத்தின் அதிகாரியை நடுவில் இருத்துவது இலகுவான முடிவல்ல. குழு அரசாங்கத்தின் வாலாகிவிடும் என்ற பயமும் நியாயமானதே. ஆனால் பொலிஸ் ஜீப் ஒரு பக்கமும் பெரியவர் சபை மறுபக்கமும் இழுத்தால் ஒன்றும் நடவாது என்று அவர்கள் கண்டுகொண்டார்கள்.

இந்தக் குழுவின் மிகப் பயனுள்ள ஏற்பாடு, உடனே ஓடிப் போகும் அணி. மாவட்டத்தில் எந்த மூலையில் மிருகம் களவுபோனாலும், ஆள் கொல்லப்பட்டாலும், பெரியவர், பெண்கள், சமயத் தலைவர், பாதுகாப்பு அதிகாரி சேர்ந்த ஓர் அணி தாமதியாமல் அங்கே போய் நிற்கும். களவுக்கும் பழிவாங்கலுக்கும் இடையில் எப்போதும் கொஞ்ச நேரம் இருக்கும். ஆட்களைத் திரட்ட வேண்டும், ஆயுதம் எடுக்க வேண்டும், கதையை ஊதிப் பெருப்பிக்க வேண்டும். அந்த இடைவெளிக்குள் போய்ச் சேர்ந்தால் ஒரு மாட்டோடு முடியும், பிந்தினால் கிராமத்தோடுதான் முடியும். ஊரைச் சமாதானமாக வைத்திருந்த கிராமத் தலைவர்களுக்கு ஆண்டுதோறும் விழா எடுத்துப் பரிசு கொடுக்கும் வழக்கமும் வந்தது. கெட்டவனைத் தண்டிக்கும் சட்டம் எங்கும் உண்டு. சண்டை வராமல் பார்த்துக்கொண்டவனை மேடையில் ஏற்றும் வழக்கம் குறைவு; அவன் செய்த வேலை கண்ணுக்குத் தெரிவதில்லையே.

முடியாமல் போனவை

இதை வெற்றிக் கதையாக மட்டும் சொன்னால் நீங்கள் நம்பமாட்டீர்கள், நம்பவும் கூடாது. 1998 ஒக்டோபரில் பகல்லா என்ற இடத்தில், எதியோப்பிய எல்லைப் பக்கமிருந்து வந்த ஆயுததாரிகள் டெகோடியா மக்கள் நூற்றுக்கு மேற்பட்டோரைக் கொன்றார்கள். எல்லை தாண்டி வந்தவர்களோடு வஜீர்ப் பெரியவர்களுக்குப் பேச்சுத் தொடர்பு இருக்கவில்லை. பின்னரும் குலச் சண்டைகள் இடைக்கிடை மூண்டன. வகல்லாவில் செத்தவர்களுக்கு முழு நீதி இன்னும் கிடைக்கவில்லை. அரசாங்கம் செய்த கொலையை ஒட்டகக் கணக்கில் தீர்க்க முடியாது. சந்தைக் குழுவால் செய்யக்கூடியது உண்டு, செய்ய முடியாததும் உண்டு.

இருந்தாலும் அந்த மாதிரி பரவியது. கென்யாவில் 2007 டிசெம்பர்த் தேர்தலுக்குப் பிறகு நாடே கலவரத்தில் எரிந்தபோது, வஜீரில் பழகிய அதே டெக்கா தலைநகரில் ஓய்வுபெற்ற தளபதிகளோடும் இராசதந்திரிகளோடும் உட்கார்ந்து சமாதான வேலை செய்தார். அதன்பின் சமாதானக் குழுக்கள் நாடெங்கும் மாவட்டம் மாவட்டமாக அமைக்கப்பட்டன. 2007 இல் அவருக்குச் சுவீடனில் வழங்கப்படும் சரியான வாழ்வுக்கான விருது கிடைத்தது. 2011 ஜூலையில் வீதி விபத்தொன்றின் பின் காலமானார்.

நம்முடைய நிலம்

நம் யுத்தம் வஜீர் யுத்தம் போன்றதல்ல. இங்கே அரசாங்கப் படைக்கும் இயக்கத்துக்கும் இடையில் நடந்தது. 2009 மே மாதம் முடிந்த விதமும் எல்லாருக்கும் தெரியும். எந்தச் சந்தைக் குழுவாலும் முள்ளிவாய்க்காலில் விழுந்த எறிகணையை நிறுத்தியிருக்க முடியாது. ஆனால் அயலவருக்கும் அயலவருக்கும் இடையில் நடந்தவை நம்மிடமும் உண்டு. அவற்றைப் பற்றிப் பேச நமக்கு மனமில்லை.

1990 ஒக்டோபரில் வடமாகாணத்து முஸ்லிம் மக்கள், 70,000க்கு மேற்பட்டோர், விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டார்கள். யாழ்ப்பாணத்தில் கொடுத்த அவகாசம் இரண்டு மணித்தியாலம். அவர்களும் நம்மைப் போல வயல் செய்தவர்கள், வியாபாரம் செய்தவர்கள். அயலவரின் வீட்டுத் திறப்பையும் உறுதியையும் பத்திரமாக வைத்திருந்து திருப்பிக் கொடுத்த தமிழ்க் குடும்பங்கள் உண்டு. ஓட்டையும் கதவையும் கழற்றிக்கொண்டு போனவர்களும் உண்டு. யுத்தம் முடிந்த பின் அவர்கள் திரும்பி வந்தபோது, அந்தக் காணியில் வேறோர் இடம்பெயர்ந்த குடும்பம் கொட்டில் போட்டிருந்தது. இரண்டு பகுதியும் அகதி. இரண்டு பகுதிக்கும் போக இடமில்லை. "அவங்கள் இப்ப வந்து கேட்கிறாங்கள்" என்று சொல்வதற்கு முன், நம் காணியில் முகாம் போட்டவர்களிடம் நாம் என்ன கேட்கிறோம் என்று ஒரு தரம் யோசித்துப் பார்க்கவேண்டும். அதே கேள்விதான்.

காணிப் பிணக்கைத் தீர்க்க வழி இல்லாமல் இல்லை. 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தின்படி அமைந்த இணக்க சபைகள் இருக்கின்றன. காணிப் பிணக்கு போன்றவற்றுக்கு விசேட சபைகள் அமைக்க 2003 இல் 21ஆம் இலக்கச் சட்டமும் வந்தது. வழக்கறிஞர் செலவு இல்லை. இரு பகுதியும் சம்மதித்தால்தான் தீர்வு. ஆனால் சபைக்குப் போகுமுன்பே கத்தி எடுத்துவிட்டால் சபையால் பயனில்லை. அதற்குத்தான் ஊருக்குள் ஓடிப் போக நாலு பேர் வேண்டும்.

வதந்தி அடுத்தது. 1983 ஜூலைக் கலவரம் தணிந்து வந்த வேளையில், 29ஆம் திகதி வெள்ளிக்கிழமை, புலிகள் கொழும்புக்குள் வந்துவிட்டார்கள் என்று ஒரு கதை பரவி, அன்றைக்கும் தமிழர் கொல்லப்பட்டார்கள். கதை முழுப்பொய். 2018 பெப்ரவரியில் அம்பாறையில் ஒரு முஸ்லிம் சாப்பாட்டுக் கடையில், சிங்கள மக்களுக்கு மலட்டு மாத்திரை கலந்து கொடுக்கிறார்கள் என்ற கதை கைத்தொலைபேசியில் பறந்தது. கடையும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. பரிசோதித்தபோது, மாத்திரை என்று சொல்லப்பட்டது வெறும் மாக்கட்டி. முன்பு வதந்தி நடந்து வந்தது, இப்போது சட்டைப்பைக்குள்ளேயே வருகிறது. ஆகவே நம் வேலை கூடியிருக்கிறது. கேட்டவுடன் கேட்கவேண்டியவை: கண்ணால் கண்டவர் யார், எப்போது, அவரை நான் அறிவேனா? அவரிடமிருந்து நேராகக் கேட்கும்வரை என் வாயைத் தாண்டி, என் விரலைத் தாண்டி அது போகக்கூடாது. அதோடு, அடுத்த ஊரில், அடுத்த சமூகத்தில், நம்பிக்கையோடு கூப்பிட்டுக் கேட்கக்கூடிய ஒரு ஆளின் தொலைபேசி எண் நம்மிடம் இருக்கவேண்டும். சண்டை வந்த பிறகு அந்த எண்ணைத் தேட முடியாது.

மூன்றாவது, கமக்காரருக்குச் சொல்லத் தேவையில்லாதது: கட்டாக்காலி மாடும் வாய்க்கால் தண்ணீரும். காலபோகக் கூட்டத்தில் விதைப்புத் திகதி, மாடுகளை அப்புறப்படுத்தும் திகதி, தண்ணீர் முறை எல்லாம் தீர்மானிக்கிறோம். அந்தக் கூட்டத்துக்கு மாடு வளர்ப்பவர்கள் வருகிறார்களா? குளத்தின் கீழ்ப்பகுதியில் புதிதாகக் குடியேறியவர்கள் வருகிறார்களா? பெண்கள் தலைமை தாங்கும் குடும்பங்கள் வருகின்றனவா? வராதவர்களைப் பற்றித் தீர்மானம் எடுத்துவிட்டு, அவர்கள் மீறினார்கள் என்று சண்டைக்குப் போவது நம் பழைய பழக்கம்.

குழுவாகப் படிப்போருக்கு

மாதர் சங்கம், கமக்காரர் அமைப்பு, இளைஞர் கழகம் என்று தனித்தனியே படிக்காமல், முடிந்தால் ஒன்றாக இருந்து பேசுங்கள். எழுத வாசிக்கத் தெரிந்த ஒருவர் பகுதி பகுதியாக வாசிக்கட்டும்.

1. வஜீர்ப் பெண்களுக்குச் சந்தை இருந்தது போல, நம் ஊரில் எல்லாச் சமூகத்தவரும் வந்து போகும் இடம் எது? ஆலையா, பால் சேகரிக்கும் இடமா, வைத்தியசாலையா, பஸ் தரிப்பிடமா? அங்கே யாராவது அவமானப்படுகிறார்களா?

2. நம் ஊரில் லாபநட்டமில்லாத நடுவர் என்று யாரைச் சொல்வீர்கள்? பெயரைச் சொல்லுமுன், மறுபகுதியாரும் அவரை ஏற்பார்களா என்று யோசியுங்கள்.

3. கடந்த ஓராண்டில் நீங்கள் கேட்டு நம்பிய ஒரு வதந்தியைச் சொல்லுங்கள். அது எங்கிருந்து வந்தது?

4. உங்கள் காணியில் அல்லது உங்கள் ஊரில் முன்பு இருந்து, இப்போது இல்லாத அயலவர் யார்? அவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று தெரியுமா?

நாலாவது கேள்விக்கு ஒரே கூட்டத்தில் விடை வராது. விசாரித்துக்கொண்டு அடுத்த கூட்டத்துக்கு வாருங்கள். முடிந்தால் அவர்களில் ஒருவரையும் கூட்டிக்கொண்டு வாருங்கள்.